வண்டி போயிற்று, பெயர் போயிற்றா?

2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஆலுவா வீட்டுக்குத் தபாலில் ஓர் அறிவிப்பு வந்தது. தலைக்கவசம் அணியாமல் ஸ்கூட்டர் ஓட்டிய குற்றத்துக்காக ஐந்நூறு ரூபாய் அபராதம் செலுத்த வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பெயர் என்னுடையது, வண்டி எண்ணும் என்னுடையதே. ஆனால் சாலைக் காமிரா எடுத்திருந்த படத்தில் ஸ்கூட்டரின்மேல் அமர்ந்திருந்த இளைஞனை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த ஸ்கூட்டரை நான் விற்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன!

2016-இல் அதை விற்றபோது நடந்தது இதுதான். அண்டைத் தெருவில் குடியிருந்த ஒருவர் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தார். சாவியையும் பதிவுச் சான்றையும் கொடுத்தேன். அவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டேன். "பெயரை அடுத்த வாரமே மாற்றிக்கொள்கிறேன், அண்ணாச்சி" என்றார். நல்ல மனிதர், வாக்கை நம்பினேன். சில மாதங்களில் அவர் வேலை மாறி வேற்றூர் போனார். ஸ்கூட்டர் எவர் கைக்குப் போயிற்றோ யான் அறியேன். என் பெயர் மட்டும் பதிவேட்டில் அசையாமல் இருந்துவிட்டது.

ஐந்நூறு ரூபாய் பெரிதன்று, செலுத்திவிட்டேன். ஆனால் அன்றிரவு என் மகள் அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் அந்த வண்டியின் எண்ணை இட்டுப் பார்த்தாள். காப்புறுதி முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கண்டபின் எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த இளைஞன் எங்கேனும் ஒரு குழந்தையை இடித்துத் தள்ளியிருந்தால் இழப்பீட்டை யார் கொடுப்பது?

இது வீண் அச்சம் அன்று. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் இதே கேள்விக்கு விடை பகர்ந்தது. ஒருவர் தம் மோட்டார் வண்டியை 2007-இல் விற்றார். அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிக்கொண்டே போயிற்று. எவரும் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. 2009-இல் அந்த வண்டி மோதி ஓர் உயிர் போயிற்று. "நான் விற்றுவிட்டேனே" என்றார் முதல்வர். உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். துன்புற்றவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஆகவே பதிவு பெற்றவரே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

துன்புற்றவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமே. விற்றவர் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு பாடம். என் ஸ்கூட்டரை ஒருவாறு தேடிப் பிடித்துப் பெயரை மாற்றி முடிப்பதற்குள் ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் கற்றதை இவ்வாண்டு எங்கள் காரை விற்றபோது பயன்படுத்தினேன். பிழைப்பைத் தேடி வந்த ஊரில் வண்டி வாங்குவதும், மாற்றலாகிப் போகும்போது அவசரமாக விற்பதும் நம் குடும்பங்களில் வழக்கம் அல்லவா? அதனால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

புதிய சந்தை

எங்கள் கார் 2013-இல் வாங்கியது. 2017 ஜூன் மாதத்தில் ஆலுவாவிலிருந்து மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அது இப்போது திருப்பூணித்துறை வரை செல்கிறது. நகரத்துக்குப் போகக் காரை எடுக்கும் நாட்கள் குறைந்தன. வாசலில் நின்றபடியே அதற்குக் காப்புறுதியும் பழுதுச் செலவும் ஏறிக்கொண்டிருந்தன. "நிற்கிற வண்டிக்குத் தீனி போடுகிறோம்" என்றாள் என் மனைவி. விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

எங்கள் தென்காசிப் பக்கத்தில் மாடு விற்கப் போனவர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். சந்தையில் தரகர் துண்டுக்குள் கையை மறைத்து, விரல்களைத் தொட்டே விலை பேசுவார். வாங்குபவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். இன்றைய சந்தை கைப்பேசிக்குள் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் பார்ப்பதும், மறைப்பவர் மறைப்பதும் மாறிவிடவில்லை.

இணையச் சந்தையில் இரண்டு வகை உண்டு. ஓஎல்எக்ஸ் போன்ற தளங்கள் விளம்பரப் பலகையைப் போன்றவை. நாமே படம் எடுத்து, விலை எழுதி வைக்கலாம். வாங்குபவர் நம்மோடு நேரே பேசுவார். கார்ஸ்24, ஸ்பின்னி போன்றவை மற்றொரு வகை. இவை இரண்டும் 2015-இல் தொடங்கப் பெற்றவை. இவ்வகை நிறுவனங்கள் வண்டியைச் சோதித்து விலை கூறித் தாமே கொள்முதல் செய்யும். முதல் வகையில் விலை கூடுதலாகக் கிடைக்கலாம், அலைச்சலும் கூடுதல். இரண்டாம் வகையில் அலைச்சல் குறைவு. ஆனால் அவர்கள் மறுபடி விற்று ஆதாயம் காண வேண்டுமாதலால் விலையும் குறைவாகவே இருக்கும். இணையத்தில் முதலில் காட்டும் தொகை ஒரு மதிப்பீடு மாத்திரமே. வண்டியை நேரில் பார்த்த பின்பே விலை உறுதியாகும்.

விலையை அறிவதற்கு என் மகள் ஓர் எளிய வழி கூறினாள். அதே வகை, அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் பத்தினைப் பார்த்து, அவற்றின் விலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவை விற்பவர் கேட்கும் விலைகளே; கிடைத்த விலைகள் அல்ல. மூன்று வாரமாக ஒரு விளம்பரம் அங்கேயே கிடக்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதே பொருள். எங்கள் காருக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்று வைத்தோம்.

வெள்ளத்தைச் சொல்வதா?

விளம்பரத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் வீட்டில் வழக்கு எழுந்தது.

2018 ஆகஸ்டு மாதத்தை ஆலுவாவில் இருந்த எவரும் மறக்க முடியாது. இடுக்கியின் செறுதோணி அணைக் கதவுகள் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. பெரியாறு கரை கடந்தது. நெடும்பாசேரி விமான நிலையமே ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. எங்கள் தெருவிலும் நீர் புகுந்தது. நாங்கள் மாடியிலும் பின்னர் ஒரு முகாமிலும் இருந்தோம். கார் இருக்கை மட்டத்துக்கு நீரில் நின்றது. நல்ல வேளையாக, நீர் வடிந்ததும் அவசரப்பட்டு எஞ்சினை இயக்காமல், இழுவை வண்டி வைத்துப் பணிமனைக்கு அனுப்பினோம். நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால், சிலிண்டருக்குள் இருக்கும் நீர் அழுந்தாது. உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்து எஞ்சின் கெட்டுவிடும். பழுதுச் செலவு காப்புறுதி மதிப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்டால் வண்டியை முழு நட்டமாகக் கணக்கிடுவார்கள். எங்கள் கார் அந்த அளவுக்குப் போகவில்லை. சீர் செய்து கொடுத்தார்கள். ஏழு ஆண்டுகள் குறையின்றி ஓடிற்று.

"ஏழு ஆண்டுகள் நன்றாக ஓடிய வண்டிக்கு அந்தப் பழங்கதை எதற்கு அப்பா? கேட்டால் சொல்வோம்" என்றாள் மகள்.

"கேட்காவிட்டால்?" என்று கேட்டாள் என் மனைவி.

மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு விளம்பரத்தின் இரண்டாம் வரியிலேயே எழுதினாள்: 2018-இல் இருக்கை மட்டத்துக்கு நீர் ஏறியது; காப்புறுதியின்கீழ்ச் சீர் செய்யப்பெற்றது; பணிமனைப் பற்றுச்சீட்டுகள் உள்ளன.

அதன் பலன் உடனே தெரிந்தது. அழைப்புகள் குறைந்தன. வந்த சிலரும் "சேட்டா, லாஸ்ட் எத்ர?" என்று விலையை அடிமட்டத்துக்கு இழுத்தார்கள். ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்து ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் என்றார்கள். "உண்மைக்கு விலை எண்பத்தையாயிரம்" என்று மகள் கசப்போடு கூறினாள். எனக்கும் உள்ளம் வருந்தியது. அதை மறைப்பதற்கில்லை.

பத்தாம் நாள் மட்டாஞ்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். சிறு கடை வைத்திருப்பவர். ஆலுவா வண்டிகளுக்குரிய 41 என்ற எண்ணைக் கண்டதுமே பலர் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்: "வெள்ளம் கயறிய வண்டியாணோ?" மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் நீர்தான், நம் காதுக்கு அது பெருவெள்ளமாகவே ஒலிக்கிறது. ஆலுவா வண்டியைப் பொறுத்தவரை இரண்டு மொழியும் ஒன்றாகிவிட்டன! "ஆம், விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறோமே" என்றேன். "படித்தேன், சாரே. எழுதியிருந்ததால்தான் வந்தேன். எழுதாத இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார்.

அவரோடு வந்த மெக்கானிக் எங்கே பார்ப்பது என்று அறிந்தவர். இருக்கை வார்களைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கறை உண்டா என்று பார்த்தார். உபரிச் சக்கரத்தின் அடியில் கைவிட்டு வண்டலைத் தேடினார். இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் துருவையும், மின்கம்பி இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் கண்டார். கண்ணாடிகளை அடைத்து உள்ளே அமர்ந்து மூச்சை இழுத்து வாடை பார்த்தார். பழைய கார் வாங்க எண்ணும் அன்பர்களும் இவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நலம். எதை எப்போது மாற்றினோம் என்பதைப் பற்றுச்சீட்டுகளோடு காட்டினேன். இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் பேச்சு முடிந்தது. நாங்கள் கேட்டதில் ஐம்பதாயிரம் குறைவு. நிறுவனத்தார் சொன்னதைவிட முப்பத்தையாயிரம் கூடுதல்.

வலை விரிப்போர்

இந்தப் பத்து நாட்களில் வேறு வகையாரும் வந்தார்கள். நேரில் அல்ல, கைப்பேசியில். விளம்பரம் இட்ட ஒரு மணி நேரத்துக்குள், தம்மை இராணுவத்தார் என்று கூறிக்கொண்ட ஒருவர், வண்டியைப் பாராமலே கேட்ட விலைக்குச் சம்மதித்தார். முன்பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கட்டப் படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணை இடுங்கள், பணம் வந்து சேரும்" என்றார். இராணுவ உடையின் மதிப்பைத் திருடி நடத்தும் இந்த மோசடி நாடெங்கும் பெயர் பெற்றது.

அன்பர்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே ரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. ரகசிய எண்ணை இடச் சொல்பவர் எவராயினும், அவர் நம் பணத்தை எடுக்க வந்தவரே. அவ்வாறே, "பணம் அனுப்பிவிட்டேன்" என்று காட்டும் படத்தை நம்பிச் சாவியைக் கொடுக்கலாகாது. நம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதை நாமே பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் நாணிக் கொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து முறையிட வேண்டும். காலந்தாழ்த்தாமல் சொன்னால் பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க வழி உண்டு.

பதிவுச் சான்று, ஆதார் ஆகியவற்றின் படங்களை முகம் அறியாதவருக்கு அனுப்ப வேண்டா. ஓட்டிப் பார்க்க விரும்புபவரின் ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்த பிறகு, நாமும் உடன் அமர்ந்து செல்ல வேண்டும். மனைவி மக்களைத் தனியே விட்டு எவரையும் வீட்டுக்கு அழையாமல், பகற்பொழுதில் நாலு பேர் நடமாடும் இடத்தில் காட்டுவதே நன்று.

பெயர் மாறும் வழி

இனி முக்கியமானதற்கு வருகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 50-ஆம் பிரிவு, விற்பவருக்கும் கடமை விதித்திருக்கிறது. அதே மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாட்களுக்குள் விற்றவரே அதனைத் தெரிவிக்க வேண்டும். வேற்று மாநிலமாயின் நாற்பத்தைந்து நாட்கள். வாங்கியவருக்கு முப்பது நாட்கள். "அது வாங்கியவர் பாடு" என்று நாம் இருந்துவிடுவதுதான் பிழையின் வேர்.

விற்பனையைத் தெரிவிப்பது 29-ஆம் எண் படிவம். பெயர் மாற்றம் கோருவது 30-ஆம் எண் படிவம். வங்கிக் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்ததற்கு 35-ஆம் எண் படிவமும் வங்கியின் கடிதமும் வேண்டும். கடனைத் தீர்த்துப் பல ஆண்டுகளாகியும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயரை நீக்காமல் வைத்திருப்போர் நம்மில் பலர். விற்கும் நாளில்தான் அது தடையாக எழுந்து நிற்கும். நிலுவையில் உள்ள அபராதங்களையும் முன்னதாகவே தீர்த்துவிட வேண்டும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் சாலைக் காமிராக்கள் காணும் குற்றங்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். நாம் அறியாமலே ஏதேனும் பதிவாகியிருக்கலாம்.

விண்ணப்பம் இணையத்திலேயே செய்யப்படுகிறது. பதிவேட்டில் உள்ள நம் கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வரும். இங்கேதான் நம்மவர் இடறுவது. வண்டி வாங்கிய காலத்தில் கொடுத்த பழைய எண் எப்போதோ கைவிட்டுப் போயிருக்கும். விளம்பரம் இடுவதற்கு முன்னரே எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்தது இது: மட்டாஞ்சேரி அன்பரும் நானும் ஒரே மேசையில் அமர்ந்தோம். பணம் கணக்கில் ஏறியதைக் கண்டேன். இருவரும் படிவங்களில் கையெழுத்திட்டு, அங்கேயே விண்ணப்பத்தை அனுப்பினோம். விற்ற நாளையும், சாவி கொடுத்த மணியையும், வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொண்டோம். "என்னை நம்பவில்லையா, சாரே?" என்று அவர் சிரித்தார். ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். அதன்பின் அவரே இன்னொரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

பாஸ்டாக் அட்டையை அன்றே நீக்கிக் கணக்கை மூடினோம். இல்லாவிட்டால் அவர் கடக்கும் சுங்கச்சாவடிக்கு நம் பணம் போகும். விபத்தின்றி ஓட்டியதற்காகக் காப்புறுதியில் கிடைக்கும் தள்ளுபடி வண்டிக்கு உரியதன்று, நமக்கு உரியது. அதற்குச் சான்று பெற்றுக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படும். காப்புறுதியைத் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நிறுவனத்துக்கோ கடைக்கோ விற்பவர்களும் பெயரை மறக்கலாகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வண்டி வாணிகம் செய்வோர் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அத்தகையவரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29-சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதன்பின் பொறுப்பு அவரைச் சாரும். ஆகவே அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். வெற்றுப் படிவத்தில் மட்டும் எவருக்கும் கையெழுத்திட்டுக் கொடாதீர்கள்.

தமிழ்நாட்டு எண்ணுள்ள வண்டியைக் கொண்டுவந்து இங்கே ஓட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேற்று மாநிலத்தில் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவைப் பெற வேண்டும் என்பது சட்டம். அந்த வண்டியை இங்கே உள்ளவருக்கு விற்பதானால், பதிவு செய்த ஊரின் அலுவலகத்திலிருந்து 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று வரவேண்டும். வாங்குபவர் இந்த மாநில வரியையும் செலுத்த வேண்டும். கேரள வண்டியை ஊருக்குக் கொண்டுபோவோர்க்கும் இதே நிலைதான். ஆதலால், பழைய வண்டியைப் பதிவு பெற்ற மாநிலத்திலேயே விற்றுவிட்டுப் போவது பெரும்பாலும் இலாபமாகவும் எளிதாகவும் இருக்கும். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த வாரத்தில் தொடங்காமல், இரண்டு மாதங்கள் முன்பே தொடங்கினால் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியிராது.

சாவி கொடுத்த நாளன்று எங்கள் வாசல் வெறிச்சோடிப் போயிற்று. வெள்ளத்தில் எங்களோடு நனைந்த வண்டி அல்லவா? மகள் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆயினும் அன்று நான் அதை விற்றதாக எண்ணவில்லை. பத்தொன்பதாம் நாள் மட்டாஞ்சேரியிலிருந்து அழைப்பு வந்தது: "சாரே, பேரு மாறி." உடனே மகள் பதிவேட்டைத் திறந்து எண்ணை இட்டாள். அங்கே என் பெயர் இல்லை. அன்றுதான் எங்கள் கார் விலை போயிற்று.

அன்பர்களே, உங்கள் வீட்டில் எப்போதோ விற்ற வண்டி ஏதேனும் உண்டா? பழைய மொபெட்டாயினும் சரியே. இன்றிரவே பரிவாகன் தளத்தில் அதன் எண்ணை இட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் தம் பெயரைத் தாம் அறியாதவர் உண்டோ? அங்கே உங்கள் பெயர் இன்னும் இருந்தால், விற்றதற்குரிய சான்றுகளைத் தேடி எடுங்கள். வாங்கியவரைத் தொடர்பு கொள்ளுங்கள். அவர் அகப்படாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். எனக்கு வந்தது ஐந்நூறு ரூபாய் அபராதம் மட்டுமே. எல்லோர்க்கும் அவ்வளவு சிறிய அறிவிப்பாகவே வரும் என்று சொல்ல இயலாது.